மொறிஸ் மைனரின் அடிப்பக்கம்: வாவிக்கரைக் காரைக் கறளிலிருந்து காக்கும் வழி

2011 ஜனவரி வெள்ளம் வடிந்த கையோடு எங்கள் வீட்டுக் காரை ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டோம். அப்பா வாங்கிய மொறிஸ் மைனர் 1000, ஸ்ரீ நம்பர், சாம்பல் நிறம். மூன்று நாள் முற்றத்தில் முழங்காலளவு தண்ணீரில் நின்ற கார். கராஜில் அடியைக் கழுவி, மறுநாளே காரின் அடிக்குப் பூசும் தார் வகைப் பூச்சான கறுப்பு அண்டர்சீலைத் தடிப்பாக அடித்துத் தந்தார்கள். குனிந்து பார்த்தால் புது ரயர் மாதிரி மினுங்கியது. அப்பாவுக்குப் பெரிய சந்தோஷம். எனக்கும்தான்.

இரண்டரை வருடம் கழித்து வேறொரு வேலைக்காக வந்த, காரின் தகர வேலை செய்யும் வயதான டிங்கர் பாஸ் ஒருவர், காருக்கு அடியில் படுத்து, ஸ்குரூட்ரைவரின் நுனியை அந்தக் கறுப்புப் பூச்சின் மேல் வைத்து உள்ளங்கையால் மெல்லத் தட்டினார். கைப்பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. வெளியே இழுத்தபோது பூச்சு அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் தகரம்தான் இல்லை. கபில நிறத் தூள் கொட்டியது.

"தம்பி, வெளியால நல்லாத்தான் பூசியிருக்காங்க. உள்ளுக்க ஈரம் காயமுன்னமே பூட்டிப்போட்டாங்க" என்றார்.

அந்தக் காரை மீட்டெடுக்க ஒன்றரை வருடம் பிடித்தது. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் நானே அடியில் படுத்து வேலை செய்கிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் நான் சொல்ல விரும்புவது, பூச்சை விட உலர்த்துவதுதான் பெரிய வேலை என்பது. கீழே சொல்வதெல்லாம் மொறிஸ் மைனரை வைத்துச் சொல்வது. ஒஸ்டின், பீஜோ, ஃபோக்ஸ்வாகன் வண்டு எதுவானாலும் முறை இதேதான். இடங்கள் மட்டும் மாறும்.

நம்ம ஊரில் இரும்புக்கு என்ன நடக்கிறது

எழுவான்கரையில் இருக்கும் கார் ஒரு பக்கம் கடலுக்கும் மறுபக்கம் வாவிக்கும் நடுவில் நிற்கிறது. கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, காரைதீவு என்று எங்கே நின்றாலும் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து காரின் அடியில் படிய விடுகிறது. கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றில் வந்து ஒட்டிக் காய, உப்பு மட்டும் மிஞ்சும்.

மாரி காலத்தில் குசினியில் உப்புச் சிரட்டை தானாகத் தண்ணீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைட்டு அதிலும் பாதிக்குக் குறைவான ஈரப்பதனிலேயே அதைச் செய்துவிடும். நம்ம ஊர் இரவுகளில் ஈரப்பதன் 75க்கு மேலே போவது வழக்கம்தானே. அதனால் மழையே பெய்யாமல், கொட்டிலுக்குள் நிற்கும் காரின் அடியும் இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கிறது. "நான் மழைக்கு வெளியே எடுக்கிறதே இல்லை" என்பவரின் காரும் கறள் பிடிப்பது இதனால்தான்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் உப்பு குறைவு. ஆனால் அங்கே வேறு பிரச்சினை. வயல் பாதைச் சேறும் கிரவலும் சில்லுக் கூட்டுக்குள் அப்பிக்கொள்ளும். காய்ந்த சேறு பஞ்சு மாதிரி. ஒரு மழைக்குக் குடித்த தண்ணீரை இரண்டு வாரம் வைத்திருக்கும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இரும்பு கறளாக மாறும்போது அதன் பருமன் சில மடங்கு பெருகும். இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெல்ட் செய்த இடங்களில் கறள் பிடித்தால் அது தகடுகளை நெம்பிப் பிரிக்கும், பிரிந்த வெடிப்பில் இன்னும் தண்ணீர் போகும். ஒருமுறை தொடங்கினால் தானாக நிற்காது.

எப்போது செய்வது

ஆடி, ஆவணி. கச்சான் அடிக்கும் காலம். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, மறுபக்கம் இறங்கும்போது சூடேறி வறண்டு நம் பக்கம் வருகிறது. தோலை உரிக்கும் அந்தக் காற்றை ஊரே திட்டும். கார்க்காரனுக்கு அதைப் போல உதவி வேறில்லை. எந்த இயந்திரமும் இல்லாமல் ஒரு காரின் அடியை உள்ளும் புறமும் உலர வைக்கக் கூடிய காற்று வருடத்தில் அது ஒன்றுதான். ஐப்பசியில் வேலையைத் தொடங்காதீர்கள். பாதியில் மழை பிடித்தால் செய்தது முழுக்க வீண்.

ஒரு வார இறுதியில் முடிகிற வேலையும் அல்ல இது. முதல் தடவை செய்கிறவர் இரண்டு மூன்று வாரத்துக்குக் காரை மறந்துவிட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு வருடமும் இரண்டு நாள் போதும்.

முதலில் அடியைப் படியுங்கள்

மொறிஸ் மைனர் 1948இல் வந்த கார். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. அதற்கு லொறிக்கு இருப்பது போலத் தனியான சேஸிஸ் கிடையாது. தரைத்தகடு, கதவுக்குக் கீழே ஓடும் சில், குறுக்குச் சட்டம், முன்பக்கம் நீளும் இரண்டு சேஸிஸ் கால்கள், இவையெல்லாம் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. அடியில் பிடிக்கும் கறள் அழகைக் கெடுப்பதோடு நிற்காது, காரின் முதுகெலும்பையே தின்றுவிடும்.

ஒரு டோர்ச்சோடு படுத்து இந்த இடங்களைத் தேடுங்கள். முன் இருக்கைகளுக்குக் கீழே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடும் நடுக் குறுக்குச் சட்டம். முன் சஸ்பென்சனின் முறுக்குக் கம்பிகள் இரண்டும் பின்னால் வந்து முடிவது அதில்தான். ஜாக் வைக்கும் குழிகள் இருப்பதும் அதன் இரண்டு முனைகளில். அந்த முனைகள் தின்னப்பட்டிருந்தால் ஜாக் காரைத் தூக்காது, குத்திக்கொண்டு மேலே போகும். அடுத்தது சில். வெளியே தெரிவது அழகுக்கான தகடு. பாரத்தைத் தாங்கும் பெட்டி அதற்குள்ளே ஒளிந்திருக்கிறது. அந்தப் பெட்டியின் அடி ஓட்டைகள் அடைபட்டால் அது ஒரு தண்ணீர்த் தொட்டி. பிறகு பின் ஸ்பிரிங்கின் முன்முனை பொருந்தும் இடம். பின் சில்லு எறியும் சேறு முழுக்க அங்கேதான் போய் அடையும்.

சாரதியின் காலடியில், சேஸிஸ் காலுக்குள் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒளிந்திருக்கிறது. பழைய பிரேக் ஒயில் கசிந்தால் பெயின்ற்றைக் கரைத்துவிடும், அதனால் அந்தக் காலின் உட்பக்கம் மற்ற இடங்களை விட முந்திக் கறள் பிடிக்கும். கம்பளத்தைத் தூக்கினால் தரையில் ஒரு சிறிய மூடி இருக்கும். அதைக் கழற்றி உள்ளே பாருங்கள். மைனர் வைத்திருக்கும் பலர் அந்த மூடியைத் திறந்தே பார்த்ததில்லை.

கடைசியாக முன் மட்கார்ட். மைனரில் அது போல்ட்டால் பூட்டியது, கழற்றலாம். கதவுப் பிணைச்சல் தூணுக்கு முன்னால் ஒரு மூலை உண்டு. என் காரில் அந்த மூலையிலிருந்து ஒரு வாளி மண் எடுத்தேன். அதில் வெள்ளை மணலும் சிவப்புக் கிரவலும் படைபடையாக இருந்தன, கார் எந்தெந்தப் பாதையில் ஓடியது என்று எழுதி வைத்தது போல.

வண்டுக் கார் வைத்திருப்பவர்கள் தரைத்தகட்டின் இரு ஓரங்களிலும் ஓடும் ஹீற்றர் குழாய்களையும், பின் இருக்கைக்குக் கீழே பற்றரி இருக்கும் தரையையும் முதலில் பார்க்க வேண்டும். பற்றரி அமிலம் சிந்தி அந்தத் தரை போவது வழக்கம்.

தூக்கி நிறுத்துவது

இதில் விளையாட்டு வேண்டாம். ஜாக் தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்ட். நம்ம ஊர் மணல் தரையில் எதை வைத்தாலும் ஒரு பக்கம் புதையும். கொங்கிறீட் தரை இல்லாவிட்டால் 2 அங்குலத் தடிப்புப் பலகையைப் பரப்பி அதன் மேல் ஸ்டாண்டை வையுங்கள். செங்கல், சீமெந்துக் கல், தென்னங்குற்றி எதுவும் கூடாது. கல் முன்னறிவிப்பில்லாமல் உடையும். பின்பக்கம் ஸ்டாண்டை அக்சில் குழாயில், ஸ்பிரிங்குக்கு அருகே வைக்கலாம். முன்பக்கம் சேஸிஸ் காலில் கறள் இல்லாத, தடிப்பான இடம் பார்த்து வையுங்கள். நான்கும் நின்ற பிறகு காரைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடாவிட்டால்தான் அடியில் போக வேண்டும். கழற்றிய சில்லுகளைக் கதவுக்குக் கீழே, சில் பெட்டியின் அடியில் தள்ளி வைப்பேன். ஸ்டாண்ட் சரிந்தாலும் என் மேல் விழாது.

பற்றரியைக் கழற்றிவிடுங்கள். வீட்டில் யாராவது ஒருவருக்கு நீங்கள் அடியில் இருப்பது தெரிந்திருக்கட்டும்.

கழுவுதல்

தண்ணீரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். கரையோரக் கிணறுகள் பலவற்றில், குறிப்பாகக் கோடை முற்றிய பிறகு, உவர் ஏறும். அந்தத் தண்ணீரில் காரின் அடியைக் கழுவினால் உப்பைக் கழுவி உப்பை வைத்தது போலத்தான். ஒரு கண்ணாடித் துண்டில் நான்கைந்து சொட்டு விட்டு வெயிலில் காய வையுங்கள். வெள்ளையாக நல்ல தடம் விட்டால் அந்தக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கிடைக்கிறவர்கள் அதையே பாவியுங்கள். பீப்பாயில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இன்னும் நல்லது.

சேற்றை முதலில் கையாலும் மரக்குச்சியாலும் பெயர்த்து எடுங்கள். காய்ந்த கட்டிக்கு முதல் நாள் மாலையில் நனைத்துச் சாக்கு ஒற்றி வைத்தால் காலையில் இளகிவிடும். எடுத்த எடுப்பில் பிரஷர் தண்ணீரை அடித்தால் சேறு உடைந்து இடுக்குகளுக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும்.

ஒயிலும் கிறீஸும் படிந்த இடத்துக்கு மண்ணெண்ணெய் தொட்ட தும்புப் பிரஷ், அதற்குப் பிறகு சவர்க்காரத் தூள் கரைத்த வெந்நீர். மண்ணெண்ணெய் மட்டும் போட்டு விட்டுவிட்டால் ஒரு எண்ணெய்ப் படலம் நிற்கும், அதன் மேல் பெயின்ற் பிடிக்காது. பிரேக் டிரம், ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ் ஆகியவற்றில் மண்ணெண்ணெய் படக்கூடாது. எண்ணெய் வகை எதுவும் பழைய ரப்பரை ஊத வைக்கும்.

பிரஷர் மெசினைப் பாவிப்பதானால் ஒரு முழ தூரத்தில் பிடியுங்கள். சில்லு பெயாரிங், முன் சஸ்பென்சனின் கிறீஸ் மூட்டுகள், அக்சிலின் மூச்சுத் துளை ஆகிய இடங்களை நோக்கி நேராக அடிக்கக் கூடாது.

இனிமேல்தான் பலரும் தவறவிடும் வேலை. பெட்டிகளின் உள்ளே கழுவ வேண்டும். சில் பெட்டியின் அடியிலும் குறுக்குச் சட்டத்தின் அடியிலும் இருக்கும் வடிகால் ஓட்டைகளை மெல்லிய கம்பியால் குத்தித் திறவுங்கள். தோட்டக் குழாயின் நுனியை மேல் ஓட்டையில் வைத்து மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். முதலில் சிவப்பாக வரும், பிறகு பால் தேத்தண்ணி நிறம், பிறகு தெளிவு. தெளிந்த பிறகும் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். உப்பு கண்ணுக்குத் தெரியாது. வடியும் தண்ணீரிலும் அந்தக் கண்ணாடித் துண்டுச் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

காய வைத்தல்

கழுவிய அன்று எதுவும் பூசாதீர்கள், மறுநாளும் வேண்டாம். கதவுகளைத் திறந்து, இருக்கைகளையும் கம்பளத்தையும் அதற்குக் கீழே இருக்கும் தடித்த சணல் விரிப்பையும் வெளியே எடுத்துப் போடுங்கள். தரைத்தகடு கீழிருந்து மட்டும் போவதில்லை. நனைந்த விரிப்பு மேலிருந்தும் அதைத் தின்கிறது. எங்கள் காரில் வெள்ளத்துக்குப் பிறகு அந்த விரிப்பை ஒருவரும் தூக்கிப் பார்க்கவில்லை. மேலே ஈர விரிப்பு, கீழே தடித்த அண்டர்சீல், நடுவில் தகரம். அது எப்படித் தப்பும்?

கச்சானில் குறைந்தது நான்கு நாள். வெளித்தகடு ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும், ஏமாந்துவிடாதீர்கள். பெட்டிகளின் உட்புறத்துக்கும் இரட்டைத் தகட்டு இடுக்குகளுக்கும்தான் நாட்கள் தேவை. கொம்பிரசர் இருந்தால் இடுக்கு இடுக்காகக் காற்றடியுங்கள், எவ்வளவு துளி பறக்கிறது என்று பார்த்தாலே புரியும். இல்லாவிட்டால் ஒரு மேசை விசிறியைக் காரின் பக்கவாட்டில் வைத்து அடிப்பக்கம் காற்றுப் போக விடலாம். காய்ந்ததா என்று அறிய, கம்பி நுனியில் ரிசு பேப்பர் சுற்றி வடிகால் ஓட்டைக்குள் விட்டு எடுங்கள். ஈரமும் கறுப்பும் ஒட்டாமல் வந்தால் சரி.

தட்டிப் பார்த்தல், பழைய பூச்சை எடுத்தல்

சின்னச் சுத்தியலால் அடி முழுக்க மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் 'டங்' என்னும். கெட்டது 'பொத்' என்று அமுங்கும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூட்ரைவரால் அழுத்துங்கள். ஓட்டை விழுந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். விழுகிற ஓட்டை ஏற்கெனவே இருந்ததுதான். சோக்கால் வட்டம் போட்டுக்கொண்டே போங்கள்.

பழைய கறுப்புப் பூச்சு இறுக ஒட்டியிருந்து, விளிம்பில் நகத்தால் நெம்பினாலும் கிளம்பாவிட்டால் அங்கே விட்டுவிடலாம். வெடித்த, கிளம்பிய, பொத்தென்று ஒலிக்கும் இடமெல்லாம் எடுக்க வேண்டும். காலப்போக்கில் தார்ப் பூச்சு இறுகி வெடிக்கும். வெடிப்பு வழியே போன தண்ணீர் பின்னால் பரவும், வெளியே வர வழியிருக்காது.

பழைய காலத்து அண்டர்சீல் சிலவற்றில் அஸ்பெஸ்டோஸ் கலந்திருந்தது. பழைய பிரேக் சூக்களிலும் அதேதான். ஆகவே காய்ந்த பூச்சை கிரைண்டரில் வயர் பிரஷ் போட்டுத் தூளாக்கிப் பறக்க விடாதீர்கள். வெந்நீர்த் துணியாலோ மெல்லிய சூட்டாலோ இளக்கி, அகன்ற சுரண்டியால் தோல் உரிப்பது போல எடுங்கள். எடுத்ததை ஈரமாகவே பையில் கட்டுங்கள். நல்ல சுவாசக் கவசமும் கண்ணாடியும் கட்டாயம். கறள் மேல்நோக்கி விழாது, உங்கள் கண்ணில்தான் விழும். பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் சூடும் தீப்பொறியும் கூடவே கூடாது. மைனரில் தாங்கி டிக்கித் தரைக்குக் கீழே இருப்பதால், அந்தப் பகுதியில் வேலை என்றால் தாங்கியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

கறளுக்கு மருந்து

செதில் செதிலாக நிற்கும் கறளை சுத்தியல், சுரண்டி, வயர் பிரஷ் என்று இயந்திரமாகவே எடுக்க வேண்டும். எந்த மருந்தும் தடித்த செதிலை ஊடுருவாது. எடுத்த பிறகு குழிகளில் தங்கும் மெல்லிய கறளுக்குத்தான் கறள் மாற்றி. இரண்டு வகை கிடைக்கும். பொஸ்போரிக் அமிலம் உள்ளது கறளை இரும்புப் பொஸ்பேற்றாக மாற்றும். தானின் உள்ளது கறளைக் கருநீலக் கறுப்பாக மாற்றும். கண்டல் பட்டையில் வலைக்குச் சாயம் ஏற்றிய நம் கரையோர மக்களின் கையில் இருந்ததும் தானின்தான். எந்த வகையானாலும் மெல்லிதாகப் பூசி, தகரப் பேணியில் போட்டிருக்கும் நேரம் வரை காய விடுங்கள். அமிலம் மிஞ்சிக் கிடந்தால் அதன் மேல் பூசும் பெயின்ற் கொப்பளிக்கும். கழுவச் சொல்லியிருந்தால் கழுவி, மறுபடியும் காய வையுங்கள்.

ஓட்டை விழுந்த இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டியும் பைபர் துணியும் வைத்து அடைக்க வேண்டாம். பாரம் தாங்கும் இடத்தில் அது ஏமாற்று வேலை. நல்ல தகரம் வரும்வரை வெட்டி, 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீற்றர் தகடு வைத்து நல்ல வெல்டரிடம் மிக் வெல்டிங் செய்வியுங்கள். சில் பெட்டியை வெட்டும்போது காரைச் சரியாகத் தாங்கி, கதவு இடைவெளிகளை அளந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நடு தொங்கி, பிறகு கதவு பூட்டாது.

பூச்சு

நான் பாவிப்பது இரண்டு கலவை எபொக்சி பிரைமர். ரெட் ஒக்சைட் மலிவு, எல்லா ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கும். ஆனால் அது மட்டும் நின்றால் ஈரத்தை உள்ளே விடும். மேலே வேறு பூச்சுக் கட்டாயம். எபொக்சி அப்படி விடாது, இரும்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். நாகப் பிரைமர் போட விரும்புகிறவர்கள் அதை வெறும் இரும்பின் மேல்தான் போட வேண்டும். கறள் மாற்றியின் மேல் போட்டால் நாகம் இரும்பைத் தொடாது, வேலையும் செய்யாது.

நேரம் முக்கியம். விடியற்காலையில் இரும்பு வியர்த்திருக்கும், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். காற்று பனிக்கும் வெப்பநிலையை விடத் தகடு குறைந்தது 3 பாகை சூடாக இருக்க வேண்டும் என்பது பெயின்ற் தொழிலில் உள்ள விதி. நம்ம ஊருக்கு அதை எளிதாக்கிச் சொன்னால், காலை பத்து மணிக்கு முன்னும் பின்னேரம் மூன்று மணிக்குப் பின்னும் பிரஷைத் தொடாதீர்கள். பிரஷால் தேய்த்துப் பூசுவது ஸ்பிரேயை விடக் குழிகளுக்குள் நன்றாகப் போகும். இரண்டு பூச்சு. நடுவில் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று பேணியில் இருக்கும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் எமரியால் தேய்த்துவிட்டுத்தான் அடுத்தது.

பிரைமர் காய்ந்ததும் தகடு தகட்டோடு சேரும் ஒவ்வொரு பொருத்திலும் அதை அடைக்கும் பசையான சீம் சீலர் இழுத்து விரலால் அமர்த்துங்கள். வடிகால் ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். நான் ஒவ்வொரு ஓட்டையிலும் ஈர்க்கில் குத்தி வைத்துவிட்டுத்தான் தொடங்குவேன். முடிந்ததும் பிடுங்கிவிடுவேன்.

கடைசிப் பூச்சாகச் சில்லுக் கூட்டுக்குள் மட்டும் கல் அடி தாங்கும் தடித்த ரப்பர் வகைப் பூச்சு. மற்றத் தரை முழுவதற்கும் சாதாரண எனாமல் பெயின்ற், வெளிர் நிறத்தில். சாம்பல் அல்லது வெள்ளை. இதை என்னிடம் பலர் ஆச்சரியமாகக் கேட்பார்கள். கறுப்பில் கறள் தெரியாது. வெளிர் நிறத்தில் ஒரு புள்ளி கசிந்தாலும் அடுத்த வருடம் டோர்ச் பிடித்த உடனே தெரியும், அந்த இடத்தை மட்டும் சுரண்டித் திருத்தலாம். அதன் மேல், கண்ணாடி போல ஊடே நிறம் தெரியும் மெழுகுப் பூச்சு ஒன்று, மென்மையாக நிற்கும் வகை, வெடிக்காதது. கீறினாலும் தானாகச் சற்று இளகி மூடிக்கொள்ளும்.

பெட்டிகளின் உள்ளே

வெளியே செய்ததெல்லாம் பாதி வேலை. மைனரைக் கொல்வது பெட்டிகளுக்குள் தொடங்கும் கறள். உள்ளே பிரஷ் போகாது, எமரி போகாது. அங்கே போகக் கூடியது ஊர்ந்து செல்லும் மெழுகு அல்லது ஆட்டு ரோமக் கொழுப்பான லனோலின் கலந்த எண்ணெய் மட்டும்தான். இவை கறளைப் போக்காது. ஆனால் கறளுக்குள் ஊறிச் சென்று நீரையும் காற்றையும் தடுத்துவிடும். டபிள்யூடி-40 தெளித்தால் போதுமா என்று கேட்பார்கள். அது 1953இல் நீரை இடம்பெயர்க்கவென்றே உருவாக்கப்பட்டது, பெயரிலேயே அது இருக்கிறது. ஈரத்தை விரட்ட நல்லது, ஆனால் அந்தப் படலம் வருடக் கணக்கில் நிற்காது.

மெழுகு தடிப்பாக இருந்தால் பேணியை அரை மணித்தியாலம் வெந்நீர் வாளியில் வையுங்கள். அடுப்பில் வைக்கவே கூடாது. பேணியோடு வரும் நீளக் குழாயின் நுனியில் எல்லாப் பக்கமும் சீறும் துளைகள் இருக்கும். அதை ஓட்டைக்குள் கடைசி வரை விட்டு, அமர்த்தியபடி மெதுவாக வெளியே இழுங்கள். சில் பெட்டியில் மூன்று இடங்களிலிருந்து, குறுக்குச் சட்டத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும், சேஸிஸ் காலில் முன்னிருந்தும் அந்தப் பிரேக் மூடி வழியாகவும் செய்கிறேன். பிரேக் சிலிண்டரையும் அதன் ரப்பர் உறைகளையும் முதலில் பொலித்தீனால் இறுகக் கட்டிவிடுங்கள். வடிகால் ஓட்டைகளிலிருந்து மெழுகு சொட்டத் தொடங்கினால் பெட்டி நிறைய நனைந்துவிட்டது என்று அர்த்தம். கீழே பழைய கடதாசி விரித்து ஒரு நாள் சொட்ட விட்டு, கம்பியால் ஓட்டைகளைத் திரும்பத் திறந்துவிடுங்கள். கதவுகளின் அடியிலும் கொஞ்சம் அடித்துவிடலாம், குழாய் கையில் இருக்கும்போதே.

கழிவு ஒயிலைப் பற்றி ஒரு வார்த்தை. நம்ம ஊரில் சேவிஸ் முடிந்ததும் என்ஜினிலிருந்து எடுத்த கறுப்பு ஒயிலை அடியில் தெளிக்கும் பழக்கம் இருக்கிறது. வேண்டாம். அதில் எரிபொருள் எரிந்து உண்டான அமிலங்கள் இருக்கும். தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் புற்றுநோய் ஆபத்து உண்டு. ரப்பரை ஊத வைக்கும். மழையில் கழன்று கானுக்குள் போய்க் கடைசியில் வாவியில் சேரும். இறால் பிடிக்கிறவரின் வலையில் நம் காரின் ஒயில் வரக்கூடாது.

மறுபடி கூட்டுதல்

கழுவிய தண்ணீர் மூட்டுகளுக்குள் போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முன் சஸ்பென்சனின் கிறீஸ் நிப்பிள் ஒவ்வொன்றிலும் பழைய அழுக்கு வெளியேறிப் புதுக் கிறீஸ் தெரியும்வரை அடியுங்கள். மைனரில் இந்த மூட்டு காய்ந்து தேய்ந்தால் ஓடும்போதே முன்சில்லு மடங்கும். அது இந்தக் காருக்குப் பேர்போன குறை, கிறீஸ் பம்பை ஒழுங்காகப் பாவித்தால் பெரும்பாலும் வராது.

கார் வெள்ளத்தில் ஓடியிருந்தால் பின் அக்சில் ஒயிலைச் சோதியுங்கள். ஓடிச் சூடான அக்சில் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்றுச் சுருங்கி, மூச்சுத் துளை வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஒயில் பால் கலந்தது போல இருந்தால் வடித்துவிட்டுப் புது 90 ஹைபொயிட் ஒயில் விட வேண்டும். பிரேக் ஒயிலும் காற்றின் ஈரத்தைக் குடிக்கும் சாமான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

சணல் விரிப்பைத் திரும்பப் போடாதீர்கள். தண்ணீர் குடிக்காத மெல்லிய ரப்பர் விரிப்பு போதும். கொஞ்சம் சத்தம் கூடும், பரவாயில்லை.

அதன் பிறகு வருடம் முழுக்க

பாசிக்குடாவுக்கோ கல்லடிக் கடற்கரைக்கோ போய் வந்தால், அன்றைக்கே அடிக்கு நல்ல தண்ணீர் விடுங்கள். வீதிக்குக் குறுக்கே வாவித் தண்ணீர் நிற்கும் நாட்களில் காரை எடுக்காமல் இருப்பதே நல்லது. எடுத்தே ஆக வேண்டியிருந்தால் வந்ததும் கழுவி, வீதியில் மெதுவாகப் பிரேக்கை அழுத்தியபடி கொஞ்சத் தூரம் ஓட்டி டிரம்களைக் காய வையுங்கள். ஈரக் காரைத் தார்ப்பாயால் மூடுவது மிகப் பெரிய தவறு. தகரக் கூரையும் நான்கு பக்கமும் காற்றும் உள்ள கொட்டில்தான் பழைய காருக்கு ஏற்ற இடம். தரை வெறும் மணலாக இருந்தால் கிரவல் கொட்டி அதன் மேல் தடித்த பொலித்தீன் விரித்துவிடுங்கள், நிலத்து ஈரம் இரவில் அடியில் ஏறாது.

பங்குனியில் மாரி ஓய்ந்ததும் ஒருமுறை டோர்ச் பிடித்துப் பாருங்கள். ஆடியில் கழுவி, உலர்த்தி, கசிந்த இடங்களைத் திருத்தி, பெட்டிகளுக்குள் மெழுகை ஒருமுறை புதுப்பியுங்கள். ஐப்பசியில் மழைக்கு முன் கடைசியாக வடிகால் ஓட்டைகள்.

கார்த்திகையில் முதல் பெருமழை அடித்த மறுநாள் காலையில் நான் தவறாமல் காரின் கீழே படுத்துப் பார்ப்பேன். போன வருடமும் பார்த்தேன். இரண்டு பக்கச் சில் பெட்டியின் அடியிலும் எல்லா ஓட்டைகளிலிருந்தும் தெளிந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. ஒன்று மட்டும் சொட்டவில்லை. ஈர்க்கிலால் குத்தினேன், ஒரு வேப்பம் இலைக்காம்பு வந்தது, பின்னால் தண்ணீரும் வந்தது.